கணக்கில் வராத அடிகள்

உர்ருட்டியா உருளையைக் கழற்றி
விளக்கடியில் மெல்ல உருட்டினார்.
"இது உன் தேய்மானம் இல்லை" என்றார்.

வெளியே வின்னமக்காவின் காற்று
பட்டறைத் தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

என் தேய்மானம் எனக்குத் தெரியும்.
சுடும் ஒவ்வொரு மெழுகுத் தோட்டாவையும்
பச்சை நோட்டில் எழுதிவைப்பவள் நான்.
நான்கு வருடம். பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
விளக்கு எரிந்ததும் உருவ வேண்டும்.
உருவும்போதே கட்டைவிரல் சுத்தியலை இழுத்திருக்க வேண்டும்.
அரை நொடிக்குள் இரும்புத்தட்டு 'டங்'கென்று சொல்ல வேண்டும்.
என் மிக நல்ல நாளில்
பூச்சியம் புள்ளி நான்கு ஒன்று இரண்டு.
அந்தக் கடைசி இரண்டுக்கு
ஒரு முழுக் குளிர்காலம் செலவானது.

இரும்பு இத்தனை அவசரத்தைச் சும்மா விடுமா?

சுத்தியலை இழுக்கையில் உள்ளே ஒரு சின்னத் துண்டு
உருளையை ஓர் அறை தள்ளிவிடும்.
அதற்குக் 'கை' என்றே பெயர்.
இன்னொன்று நாக்குபோல எழும்பிப்
பள்ளத்தில் விழுந்து நிறுத்தும்.
கை தள்ளி, நாக்கு பிடித்து,
அதன்பிறகே சுத்தியல் விழலாம்.
வேகம் ஏற ஏற
ஓடிவந்த உருளை நாக்கின்மேல் மோதும்.
பள்ளத்தின் விளிம்பு
மயிரளவு மயிரளவாக நசுங்கும்.
பிறகொரு நாள்
அறை குழலை நேராகப் பார்க்காது,
ஓரக்கண்ணால் பார்க்கும்.
மெழுகு சிராய்த்துக்கொண்டு எங்கோ போகும்.

போன சனிக்கிழமை எனக்குப் போனது.
எல்வினா ஸ்ட்ரூப் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தாள்,
அது தோல்வியைவிடக் கசந்தது.

"சுத்தியல் தலையில் இந்தச் சொரசொரப்பு மழுங்கியிருக்கிறதே,
இது நீ. உன் கட்டைவிரல்.
ஆனால் நுனியில், இடப்பக்கமாக,
கண்ணாடிபோல மினுங்குவதைப் பார்.
இது உள்ளங்கை.
யாரோ இடது கையால் விசிறுகிறார்கள்.
விசிறினால் உருளைக்கு வெறி பிடித்துவிடும், பெண்ணே.
இந்த நாக்கு பாவம், என்ன செய்யும்?"

நான் விசிறுவதில்லை.
பெட்டிக்குச் சாவி இரண்டு.
ஒன்று என் இடுப்பில்.
இன்னொன்று டெல்மரின் கொத்தில்.

என் போட்டி ஒன்றுக்கும் வராத டெல்மர்.
தொப்பி மாட்டிய கிழட்டுக் குழந்தைகள் என்று
எங்கள் எல்லோரையும் ஒரே வரியில் முடித்தவர்.
தங்கச்சுரங்கம் இரவுப் பணியை நிறுத்தியதிலிருந்து
விடியும்வரை கராஜில்
புல்வெட்டும் எந்திரத்தைப் பழுதுபார்க்கிறார்.
எங்களிடம் புல்லே கிடையாது.
அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அன்றிரவு சூப்புக் கிண்ணத்தை நீட்டியபோது பார்த்தேன்.
இடது உள்ளங்கையின் அடியில்
காய்த்துப்போன தோல்,
அதன் நடுவே பிறைபோல ஒரு வெட்டு.
"மண்வெட்டி" என்றார்,
நான் கேட்காமலே.

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள்.
கை எதிரே இருந்தது,
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு.
களவு எதுவென்றுதான் எனக்குத் தெரியவில்லை.
துப்பாக்கி என்னுடையது.
அந்த இரவுகள் யாருடையவை?

உர்ருட்டியா புது நாக்கு வைத்தார், புது வில் வைத்தார்.
நசுங்கிய பள்ளத்தை நிமிர்த்த முடியாது,
இதோடு வாழப் பழகு என்றார்.
நூற்று எண்பத்தைந்து டாலர்.

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
பச்சை நோட்டில் என் பத்திக்குப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன்.
தலைப்பில் பெயர் எழுதவில்லை.
நோட்டைப் பெட்டிமேல் விட்டு,
பேனாவையும் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

இரண்டு நாள் பத்தி காலியாகவே கிடந்தது.
கராஜில் எந்திரம் மட்டும் உண்மையாகவே உறுமியது.

வியாழன் காலை
பேனா வைத்த இடத்தில் இருந்தது.
பென்சிலால், மிகச் சிறிதாக:
நாற்பது.
அதை அடித்துவிட்டு, கீழே,
நாற்பத்தாறு.